செத்ததை எப்படிப் பார்ப்பது?
செல்சாவின் முறையியல் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

என்னிடம் ஒரு போலராய்டு படம் இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் மேலிருந்து கீழாக ஏணிப்படி மாதிரி வெளிறிய கோடுகள். 1990களின் நடுவில், ஆய்வு மாணவனாக இருந்தபோது என் கையால் எடுத்தது. ஒரு மூலிகைச் சாற்றைப் புற்றுநோய்ச் செல்களின் மேல் விட்டு, மறுநாள் அந்தச் செல்களை உடைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டுப் புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தபோது வந்த ஏணி. ஏணி வந்தால் அபோப்டோசிஸ், அதாவது செல் தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் சாவு. ஏணி வராமல் வெறும் இழுவலாக வந்தால் நெக்ரோசிஸ், அதாவது அடிபட்டு ஊதி வெடிக்கிற சாவு. இப்படித்தான் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. ஏணி வந்துவிட்டது. 'இச்சாறு புற்றுநோய்ச் செல்களில் திட்டமிட்ட சாவைத் தூண்டுகிறது' என்று எழுதிவிட்டேன்.

அது ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் 'மூலிகை புற்றுநோயைக் கொல்கிறது' என்று வந்தது. அந்த வெட்டுத்துண்டை எடுத்துக்கொண்டு தொழிற்சங்கத் தோழர் ஒருவர் விடுதிக்கு வந்தார். அவருடைய அம்மாவுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்று. மருந்து கேட்டுத்தான் வந்தார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி வேறு: "தோழர், செல்லு செத்துச்சுன்னு போட்டிருக்கே, நீங்க பாத்தீங்களா?" "பாக்கல தோழர், கோடு வந்துச்சு." "கோடு வந்தா செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?"

அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. யார் சொன்னது என்பது உண்மையில் ஒரு வரலாற்றுக் கேள்வி. விஞ்ஞானத்தைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாக முடிவுகளைப் பற்றிச் சண்டை போடுகிறோம். முடிவை உற்பத்தி செய்த முறையை அப்படியே விட்டுவிடுகிறோம். சாவைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் சாவின் ஏதோ ஓர் அடையாளத்தைத்தான் பார்க்கிறது. கொஞ்ச காலத்தில் அந்த அடையாளமே சாவின் பெயராகிவிடுகிறது. என் படத்தில் நடந்ததும் அதுதான்.

*

செல்கள் வளர்ச்சியின்போது சாகின்றன என்பதை 1842இலேயே கார்ல் ஃபோக்ட் எழுதிவிட்டார், ஒரு வகைத் தேரையின் வளர்ச்சியைப் பார்த்து. (1860இல் மார்க்ஸ் ஒரு முழுப் புத்தகமே எழுதித் தாக்கினாரே, அந்தத் 'திருவாளர் ஃபோக்ட்' இவர்தான்.) ஆனால் அது ஒரு குறிப்பாகவே கிடந்தது. உடம்பைச் செல்களின் குடியரசாகக் கற்பித்த விர்ஹோ, 1848இல் மேல் சைலீசியாவின் டைபஸ் நோய்க்கு ஜனநாயகத்தை மருந்தாகப் பரிந்துரைத்த அதே விர்ஹோ, செல்லின் சாவை நோயின் விளைவாகவே பார்த்தார். நோய்க்குறியியல் பிணத்தைத் திறந்து பார்த்துப் பிறந்த அறிவு என்பதை ஃபூக்கோ 1963இல் பிஷாவை முன்வைத்து விரிவாகப் பேசியிருக்கிறார். பிணத்தில் கண்ணுக்குப்படுவது கூட்டச்சாவு: அழுகிய திட்டு, வெளிறிய பகுதி. ஒற்றைச் செல் ஓசையில்லாமல் மறைவது அந்தப் பார்வைக்குள் வராது.

அது வந்தது ஒரு படுக்கையறையில். 1938இல் முசோலினியின் இனச்சட்டங்கள் வந்தபோது டூரின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே தள்ளப்பட்ட யூதப் பெண் ரீட்டா லெவி-மோன்டல்சினி. வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார்: ஒரு சின்ன அடைகாப்புப் பெட்டி, ஒரு நுண்ணோக்கி, தீட்டிக் கத்தியாக்கிய தையல் ஊசிகள், கடிகாரக்காரர்களின் சாமணம். பொருள், கோழிமுட்டை. அவருடைய ஆசிரியர் ஜூசெப்பே லெவியும் யூதர் என்பதால் வேலை இழந்தவர். அவரே வந்து உதவியாளரானார்.

கேள்வி பழையது. கோழிக் கருவின் இறக்கை மொட்டை வெட்டிவிட்டால், அந்த இறக்கைக்குப் போகவேண்டிய நரம்பு முடிச்சில் செல்கள் குறைந்துபோகின்றன. ஏன்? விக்டர் ஹாம்பர்கர் 1934இல் ஒரு விளக்கம் கொடுத்திருந்தார்: இறக்கையிலிருந்து வரவேண்டிய தூண்டுதல் இல்லாததால் அந்தச் செல்கள் நரம்புச் செல்களாக உருவாகவே இல்லை. லெவி-மோன்டல்சினி வெள்ளிச் சாயமேற்றும் முறையை எடுத்துக்கொண்டார். நரம்புச் செல்களையும் அவற்றின் இழைகளையும் துலக்கிக்காட்டும் முறை அது. அதைவிட முக்கியம், வெட்டிய நாளிலிருந்து அடுத்தடுத்த வயதுக் கருக்களை வரிசையாக எடுத்துப் பார்த்தார். செல்கள் உருவாகியிருந்தன, இழை நீட்டி வெட்டுக்காயம்வரை போயிருந்தன, அதற்குப் பிறகு செத்திருந்தன. இத்தாலியப் பத்திரிகைகளில் யூதர்கள் எழுத முடியாது. 1942இல் பெல்ஜியத்தில் அச்சானது.

இறுதியில் எண்ணிப் பார்ப்பவருக்குப் 'பிறக்கவில்லை'யும் 'பிறந்து செத்தது'ம் ஒரே எண்தான். பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றி நம் ஊரில் கேட்கிற கேள்வியும் இதுதானே: இருந்தாங்களா, இருந்து போனாங்களா? போருக்குப் பிறகு ஹாம்பர்கர் அவரைச் செயிண்ட் லூயிசுக்கு அழைத்தார். 1949இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, எதையுமே வெட்டாத இயல்பான கருவிலும் நரம்புச் செல்கள் சாவதைக் காட்டியது. தன் விளக்கத்தைத் தப்பென்று காட்டியவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்த ஹாம்பர்கரையும் இந்த வரலாற்றில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

*

'திட்டமிட்ட செல்சாவு' என்ற தொடர் 1964இல் லாக்‌ஷினும் வில்லியம்சும் பட்டுப்பூச்சியின் தசைகளைப் பற்றி எழுதியபோது வந்தது. கணிப்பொறியின் காலம், 'புரோகிராம்' என்ற உருவகம் எங்கும் ஒட்டிக்கொண்டிருந்த காலம். இதைத் தாண்டிப் போகிறேன், ஏனென்றால் முறையியலின் திருப்பம் அங்கே இல்லை, ஜான் கெர்ரிடம் இருக்கிறது.

ஆஸ்திரேலியரான கெர், 1960களின் தொடக்கத்தில் லண்டனில் எலியின் ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் ஒரு கிளையைக் கட்டிவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார். ஒரு பக்கம் வழக்கமான நெக்ரோசிஸ். இன்னொரு பக்கம், உயிரோடிருக்கும் திசுவுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள் சுருங்கி உருண்டையாகிக் கிடந்தன. செத்தது செத்ததுதானே, இதிலென்ன வகை என்று விட்டிருக்கலாம். அவர் லைசோசோம் என்ற செரிமானப் பைகளின் நொதிக்குச் சாயமேற்றிப் பார்த்தார். நெக்ரோசிஸில் பை உடைந்து நொதி சிதறிக்கிடந்தது. சுருங்கிய செல்லில் பைகள் உடையாமல் அப்படியே இருந்தன. ஒரு சாயம் இரண்டு சாவுகளைப் பிரித்தது. 1971இல் இதைச் 'சுருக்க நெக்ரோசிஸ்' என்று அழைத்தார். அடுத்த ஆண்டு அபர்டீனில் வைலி, கரி இருவரோடு சேர்ந்து எழுதியபோது பெயர் மாறியது. அங்கே கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மாக் சொன்ன சொல் அது: மரத்திலிருந்து இலை, பூவிலிருந்து இதழ் உதிர்வது. இரண்டாவது 'ப'வை உச்சரிக்கவேண்டாம் என்று அடிக்குறிப்பே போட்டிருந்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அழுத்தி உச்சரித்தோம்.

தமிழில் 'வீ' என்றால் உதிர்ந்த பூ. 'வீதல்' என்றால் சாதல். இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் கிடைக்காது. ஆனாலும் பாடநூல்கள் 'திட்டமிட்ட உயிரணு இறப்பு' என்ற நீள்தொடரையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

1972இன் அபோப்டோசிஸ் முழுக்க முழுக்க ஒரு உருவம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிகிற உருவம்: செல் சுருங்கும், உட்கருவின் குரோமாட்டின் ஓரத்தில் பிறைபோல் இறுகும், சவ்வு கொப்புளிக்கும், உடல் துண்டுகளாகும், பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும், வீக்கமில்லை, சீழில்லை. இதை அடையாளம் காணப் பழகிய கண் வேண்டும், பொறுமை வேண்டும், விலையுயர்ந்த கருவி வேண்டும். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இந்தச் சொல்லைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை.

இடையில், 1980இல், வைலி ஒரு வேலை செய்தார். எலியின் தைமஸ் செல்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்து டி.என்.ஏ.வை ஓடவிட்டார். நூலில் மணி கோத்தமாதிரி நியூக்ளியோசோம்களில் சுற்றியிருக்கும் டி.என்.ஏ., மணிக்கும் மணிக்கும் நடுவில் வெட்டுப்பட்டு, ஏறத்தாழ 180 காரஇணைகளின் மடங்குகளாக விழுந்திருந்தது. ஏணி. 1980களின் இறுதியில் புற்றுநோய் மரபணுக்களுக்கும் செல்சாவுக்கும் உறவு தெரியவந்து எல்லாரும் இந்தத் துறைக்குள் நுழைந்தபோது கையில் கிடைத்த ஆயுதம் இதுதான். மலிவு, ஒருநாள் வேலை, படம் அழகாக வரும். பழகிய கண் தேவையில்லை.

கண் போனதோடு வேறு சிலவும் போயின. ஏணிக்கு லட்சக்கணக்கான செல்களை ஒன்றாக உடைக்க வேண்டும். யார் செத்தது என்று தெரியாது. எத்தனை என்றும் தெரியாது. நூறில் சில செல்கள் செத்தாலும் ஏணி தெரியலாம். 1993இல் ஓபர்ஹாமரும் கூட்டாளிகளும் இன்னொன்றைக் காட்டினார்கள்: உருவத்தால் சந்தேகமில்லாமல் அபோப்டோசிஸாகச் சாகும் சில செல்களில் டி.என்.ஏ. மூன்று லட்சம், ஐம்பதாயிரம் என்று பெரிய துண்டுகளாக மட்டும் உடைகிறது, ஏணி வருவதேயில்லை. ஆக, ஏணி இல்லாத அபோப்டோசிஸ் உண்டு. என் ஜெல் ஓடியது இந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். நான் படித்திருக்கவில்லை.

*

1992இல் டனல் முறை வந்தது. வெட்டுப்பட்ட டி.என்.ஏ.வின் முனைகளில் ஒரு நொதியைக்கொண்டு நிறமிட்ட எழுத்துகளை ஒட்டவைப்பது. இப்போது திசுத் துண்டத்திலேயே, தனித்தனிச் செல்லாகப் பார்க்கலாம். யார் செத்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே தோன்றியது. சீக்கிரமே பெட்டியில் அடைத்து விற்பனைக்கும் வந்தது. ஆனால் வெட்டுப்பட்ட முனை எப்படி வந்தாலும் முனைதான். 1995இல் கிராஸ்ல்-கிராப்பும் மற்றவர்களும் எலி ஈரலில் இதைச் சோதித்தார்கள்: நெக்ரோசிஸும் நிறமேறியது, செத்தபிறகு தானாகக் கரைந்த திசுவும் நிறமேறியது. துண்டத்தைப் பதப்படுத்தும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தாலே எண்ணிக்கை மாறியது.

இது வெறும் ஆய்வுக்கூடச் சில்லறை இல்லை என்பதற்கு எய்ட்ஸ் ஓர் உதாரணம். நோயின் மையப் புதிர், சிடி4 செல்கள் ஏன் இவ்வளவு வேகமாக அழிகின்றன என்பது. வைரஸ் உண்மையில் பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் கொஞ்சம். சாகும் செல்களோ ஏராளம். 1991இல் அமெய்சனும் காப்ரோனும் இது அபோப்டோசிஸாக இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். 1995இல் ஃபின்கெல் குழு, தொற்றிய மனிதர்களின், குரங்குகளின் நிணநீர் முடிச்சுகளை எடுத்து, சாவின் அடையாளத்தையும் வைரஸின் அடையாளத்தையும் சேர்த்துப் பார்த்தது. சாவது பெரும்பாலும் வைரஸ் பெருகும் செல்கள் இல்லை, பக்கத்தில் நிற்கும் செல்கள். யார் சாகிறார் என்பதில் அது பெரிய கண்டுபிடிப்பு; இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் அந்தச் சாவுக்கு அபோப்டோசிஸ் என்ற பெயரும் கூடவே உறுதியாகிவிட்டது. முனைகள் நிறமேறின என்பதற்கு மேல் அந்தப் பெயருக்கு என்ன ஆதாரம் என்று பரவலாகக் கேட்கப்படவில்லை.

2014இல் சான்பிரான்சிஸ்கோவில் டோய்ட்ஷ், கிரீன் ஆகியோரின் குழு, அறுவையில் எடுத்த மனித டான்சில் திசுவை வைத்து வேறு கேள்வி கேட்டது: எந்த நொதியைத் தடுத்தால் இந்தச் சாவு நிற்கிறது? அபோப்டோசிஸை நிறைவேற்றும் காஸ்பேஸ்-3ஐத் தடுத்துப் பயனில்லை. காஸ்பேஸ்-1ஐத் தடுத்தபோது நின்றது. சாகும் செல்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் பைரோப்டோசிஸ் என்ற இன்னொரு சாவு சாகின்றன என்றார்கள். அமைதியாக உதிர்வதற்கு நேர்மாறான சாவு அது. செல் வெடித்து அழற்சிப் பொருள்களைக் கொட்டுகிறது, அந்தக் கூப்பாட்டில் இன்னும் புதிய செல்கள் வந்து சேர்ந்து அவையும் சாகின்றன. 2015இல் அதே குழுவினர், ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள் இப்படிச் சாவதில்லை என்றும் காட்டினார்கள். ரத்தம்தான் ஊசிபோட்டு எளிதாக எடுக்கக் கூடியது. எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதோடு எங்கிருந்து எடுத்துப் பார்க்கிறோம் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. காஸ்பேஸ்-1தான் இந்த நொதிக் குடும்பத்தில் முதலில் தெரியவந்தது. 1993இல், புழுவின் கொலை மரபணு ஒன்றுக்கு இது உறவு என்று கண்டபோதுதான் காஸ்பேஸ்களின் கதையே தொடங்கியது. அபோப்டோசிஸ் துறையின் முதல் நொதி, அபோப்டோசிஸ் செய்யாத நொதி.

மற்ற முறைகளைச் சுருக்கிச் சொல்கிறேன். அனெக்சின் முறை 1994-95இல் வந்தது; சவ்வின் உள்பக்கத்தில் இருக்கவேண்டிய ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் புரண்டிருக்கிறதா என்று பார்க்கும். கூடவே புரோப்பிடியம் சாயம், சவ்வு ஓட்டையானால் உள்ளே போகும். முதலாவது மட்டும் ஏறினால் 'ஆரம்ப அபோப்டோசிஸ்'. இரண்டும் ஏறினால் செல் எந்த வழியில் அங்கே வந்தது என்று சொல்ல முடியாது, ஆனாலும் 'பிந்தைய அபோப்டோசிஸ்' என்று எழுதிவிடுவார்கள். 1983இல் வந்த எம்.டி.டி. முறை நம் கல்லூரிகளின் செல்லப்பிள்ளை. மஞ்சள் ஊதாவாகிறதா என்று பார்ப்பது. அது அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. செல் செத்தாலும் நிறம் குறையும், சாகாமல் பெருகுவதை நிறுத்திக்கொண்டாலும் குறையும். 'ஐம்பது விழுக்காடு செத்தது' என்று எத்தனை ஆய்வேடுகளில் எழுதியிருக்கிறோம்!

*

புழு என்றேன். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ். கேம்பிரிட்ஜில் ஜான் சல்ஸ்டன் சாயமே இல்லாமல், உயிருள்ள புழுவை நோமார்ஸ்கி நுண்ணோக்கியில் வைத்து, நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம், ஒன்றரை ஆண்டு உட்கார்ந்து, கருவில் எந்தச் செல் எந்தச் செல்லாகிறது என்று கையால் வரைந்தார். 1983இல் வெளியானது. பிறக்கும் 1090 உடற்செல்களில் 131 சாகின்றன; ஒவ்வொரு புழுவிலும் அதே 131. சாகும் செல் ஒரு சட்டைப் பொத்தான்போல் மேலெழும்பித் தெரியும், ஒரு மணிநேரம்போல இருக்கும், மறைந்துவிடும்.

மறைவதுதான் சிக்கல். பக்கத்துச் செல் விழுங்கிவிடுகிறது. 1992இல் ராஃப் குழு எலியின் கண்நரம்பில் காட்டியதும் இதுதான்: எந்தக் கணத்தில் பார்த்தாலும் பிணங்கள் சொற்பம், அகற்றும் வேகத்தையும் கணக்கில் எடுத்தால் பிறந்த செல்களில் பாதி செத்திருக்கின்றன. ஒரு கணத்தின் எண்ணிக்கையைச் சாவின் அளவென்று எடுத்துக்கொள்வதில் உள்ள அபாயத்தைச் செயல்பாட்டாளர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கொலை மரபணுவைத் தேடிய எல்லிஸும் ஹார்விட்ஸும் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். பிணங்களை விழுங்க முடியாத ஒரு வகைப் புழுவை எடுத்துக்கொண்டார்கள். அதில் பிணங்கள் அப்படியே கிடக்கும். அந்தப் புழுக்களில் பிணமே இல்லாத ஒன்றைத் தேடினார்கள். அப்படித்தான் 1986இல் செட்-3 கிடைத்தது. 1993இல் காஸ்பேஸ்-1க்கு உறவென்று தெரிந்த மரபணு இதுதான். பிணங்களை அகற்றும் ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் கொன்றது யார் என்பதைக் கண்டுபிடிப்பது இன்னும் பலமடங்கு கடினமாகியிருக்கும்.

2005இல் செல்சாவுப் பெயரிடல் குழு ஒன்று கூடி, செத்தது என்று எப்போது சொல்லலாம் என வரையறுத்தது: சவ்வு முழுமை இழந்திருக்க வேண்டும், அல்லது செல் முழுவதும் துண்டுகளாகியிருக்க வேண்டும், அல்லது பக்கத்துச் செல் அதை விழுங்கியிருக்க வேண்டும். அதுவரை அது 'சாகிற' செல்தான். 'அபோப்டோசிஸ் விழுக்காடு' என்று எழுதாதீர்கள், உண்மையில் எதை அளந்தீர்களோ அதை எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொண்டது. 2018இல் அதே குழுவின் பட்டியலில் பன்னிரண்டு வகைச் சாவுகள் இருந்தன. 2012இல் டெனிஸ் மான்டெல் குழு இன்னும் சங்கடமான ஒன்றைக் காட்டியது: காஸ்பேஸ் இயங்கி, சுருங்கி, கொப்புளித்து நிற்கும் செல்களிலிருந்து நஞ்சைக் கழுவி எடுத்துவிட்டால் பெரும்பாலானவை மீண்டுவிடுகின்றன. அவற்றில் ஹீலா செல்களும் உண்டு.

என் படத்தில் இருப்பதும் ஹீலாதான். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமல் எடுக்கப்பட்டவை. தோழரின் அம்மாவுக்கு இருந்ததும் அதே நோய். அவருக்கு என்னிடம் மருந்து எதுவும் இல்லை. சாற்றைக் கொடுக்கவில்லை, மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன், அதுமட்டும் சரியாகச் செய்தேன்.

அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லும் முறை 1956இலேயே இருந்தது. பக்கும் மார்க்கஸும் இதே ஹீலா செல்களை வைத்துச் செய்தது. நஞ்சைக் கொடு, கழுவிவிடு, செல்களை எண்ணித் தட்டில் விதை, பத்துப் பதினைந்து நாள் காத்திரு, எத்தனை செல் மறுபடி கூட்டமாகப் பெருகுகிறது என்று எண்ணு. எப்படிச் செத்தது என்பதை அது சொல்லாது. ஆனால் செத்ததா என்பதைச் சொல்லும். ஒரு சாயமும் சில தட்டுகளும் போதும், ஏணிக்கு ஆன செலவுகூட ஆகியிருக்காது. கூடவே காஸ்பேஸ் தடுப்பானை ஒரு தட்டில் சேர்த்திருந்தால், செல்கள் பிழைக்கின்றனவா என்று பார்த்து வகையைப் பற்றியும் ஏதாவது பேசியிருக்கலாம்.

இதை எழுதுவதற்காகப் பழைய ஆய்வுக்கூட நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைய பக்கத்தில் ஆறு தட்டுகள் குறித்திருக்கிறேன். ஆறும் ஹீலா. நோயில்லாத சாதாரணச் செல்களுக்கு ஒரு தட்டுகூட வைக்கவில்லை.